பதக்கப் புணரியல்

பாயிரம்

நூல் என்று ஒன்று செய்தால் தலையில் பாயிரம் வேண்டும். பாயிரத்தில் எட்டுச் செய்தி வேண்டும் என்பது நன்னூலார் கட்டளை. தட்டக்கூடாது. ஆக்கியோன் பெயர்: வேண்டாம். பதக்கம் பொருந்தினால் ஓடினவர் பெருமை, பொருந்தாவிட்டால் வெட்டினவர் குற்றம். இரண்டிலும் வரைந்தவனுக்கு இடமில்லை. வழி: முதல்நூல் கிடையாது, லேசர் கட்டிங் கடைகளில் வாய்மொழியாக வருவது. எல்லை: வடக்கே நேப்பியர் பாலம், தெற்கே பெசன்ட் நகர், கிழக்கே கடல், மேற்கே முழங்கால் வலி. நூற்பெயர் மேலே இருக்கிறது. யாப்பு: பெரும்பாலும் 3 மி.மீ. அக்ரிலிக், சிறுபான்மை பிளைவுட். நுதலிய பொருள்: ஒரே ஆண்டில் நடக்கும் பல ஓட்டங்களின் பதக்கங்களை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி வரைவது. கேட்போர்: ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு அலாரம் வைப்பவர்கள், அவர்களுக்காகச் சனிக்கிழமை நள்ளிரவு வரை கோரல்டிராவில் கோடு இழுப்பவர்கள். பயன்: வீட்டில் ஒரே ஆணியில் தொங்கும் பதக்கக் கொத்துக்கு ஒரு ஒழுங்கு கிடைக்கும். வீட்டுக்காரம்மா ஒப்புக்கொண்டால்.

காரணத்தையும் பாயிரத்தில் சேர்க்கலாம் என்பார் உளர். சேர்ப்போம். காரணம் அச்சு. பெரிய மாரத்தான்களில் தரும் பதக்கம் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, முலாம் பூசி, பள்ளங்களில் வண்ணம் நிரப்பியது. அச்சு செய்யத் தனிச் செலவு. ஆயிரக்கணக்கில் எடுத்தால்தான் கட்டும். அறுபது பேர் ஓடும் பேட்டைக் குழுவுக்குக் கட்டாது. லேசருக்கு அச்சே இல்லை. கோட்டை மாற்றினால் பதக்கம் மாறிவிடும். இந்த ஓட்டத்துக்கு ஓர் உருவம், அடுத்த ஓட்டத்துக்கு வேறோர் உருவம் என்றாலும் காசு ஒன்றுதான். இந்தச் சுதந்திரம் கைக்கு வந்ததும் வடிவமைப்பாளனுக்குத் தோன்றும் முதல் ஆசை ஒன்றை இன்னொன்றோடு கோக்கலாம் என்பது. கடைசி ஆசை, இதற்குப் பேசாமல் வட்டமாகவே வெட்டியிருக்கலாம் என்பது. நடுவில் உள்ளதுதான் இந்நூல்.

கருவியின் குலமரபு சுருக்கமாக. 1960ல் தியடோர் மைமன் முதல் லேசரை ஒளிரவைத்தார். 1964ல் பெல் ஆய்வகத்தில் கரியமில வாயு லேசரைக் கண்டவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். அண்ணா சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெயர்ப்பலகை வெட்டும் கடைகளில் உறுமிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்த வகைதான். அதன் ஒளி 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாது. அக்ரிலிக் அதை அப்படியே விழுங்கி ஆவியாகும். வெட்டின ஓரம் பாலிஷ் போட்டது போலப் பளபளக்கும். பித்தளையும் செம்பும் அதைத் திருப்பி அனுப்பிவிடும். உலோகப் பதக்கம் வேண்டுவோர் ஃபைபர் லேசர் வைத்திருக்கும் வேறு பேட்டைக்குப் போக வேண்டும். இந்நூல் அங்கே வராது.

உருவியல்

பதக்கம் வட்டமாக இருப்பது மரபு. நாணயம் அடிக்கும் பட்டறையில் பிறந்த பொருள், பிறந்த வீட்டுச் சாயலை விடவில்லை. 1896ல் ஏதென்ஸ் மாரத்தானில் முதலாவதாக வந்த ஸ்பிரிடான் லூயிஸுக்குக் கிடைத்ததும் வட்டந்தான். அதுவும் வெள்ளி வட்டம்; முதலிடத்துக்குத் தங்கம் என்ற வழக்கம் 1904ல் செயின்ட் லூயிஸில் வந்தது. வட்டத்துக்கு ஒரு குணம் உண்டு: யாரோடும் ஒட்டாது. இரண்டு வட்டங்கள் ஒரே ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்ளும், அவ்வளவே. ஒரே அளவு வட்டங்களை எத்தனை நெருக்கி அடுக்கினாலும் பரப்பில் 90.69 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பாது. மீதிக்கும் சேர்த்து ஷீட்டுக்குக் காசு கொடுக்கிறோம்.

இடைவெளி விடாமல் தளத்தை நிரப்பும் ஒழுங்குப் பலகோணங்கள் மூன்றே மூன்று: முக்கோணம், சதுரம், அறுகோணம். முக்கோணம் கழுத்தில் தொங்கினால் நெஞ்சில் குத்தும். சதுரம் அலுவலக அடையாள அட்டையாகத் தெரியும். ஓடி முடித்தவரைப் பார்த்து யாரும் வருகைப்பதிவு கேட்கக்கூடாது. ஆகவே அறுகோணம் என்று முடிவு கட்டுவர் ஒரு சாரார். வட்டக் கட்சியாருக்கும் அறுகோணக் கட்சியாருக்கும் உள்ள பூசலைத் தீர்த்துவைத்தது பாரிஸ் 2024 ஒலிம்பிக்: வட்டப் பதக்கத்தின் நடுவே ஐஃபெல் கோபுரத்திலிருந்து எடுத்த 18 கிராம் இரும்பை அறுகோணமாக வெட்டிப் பதித்தார்கள். இரு கட்சியும் தங்களுக்கே வெற்றி என்கின்றன. 2006 டுரின் குளிர்கால ஒலிம்பிக்கிலோ பதக்கத்தின் நடுவில் ஓட்டையே விட்டார்கள். அது மூன்றாம் கட்சி. பின்னால் வரும்.

ஐங்கோணத்தின் நிலை இரங்கத்தக்கது. ஒழுங்கு ஐங்கோணம் தளத்தை நிரப்பாது. எப்படி வைத்தாலும் ஒரு சந்து தங்கும். ஒழுங்கில்லாத குவி ஐங்கோணங்களில் பதினைந்து வகை நிரப்பும். அந்தப் பதினைந்தில் நான்கைக் கண்டுபிடித்தவர் மார்ஜரி ரைஸ்: கலிஃபோர்னியாவில் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து பிள்ளைகளின் தாய், பள்ளிக்கூடத்துக்கு மேல் கணிதம் படிக்காதவர், 1970களில் சமையலறை மேடையில் வைத்துக் கிறுக்கியே கண்டார். பதினைந்துக்கு மேல் இல்லை என்று மிக்கேல் ராவ் நிறுவியது 2017ல். நான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், மாதம் ஒரு ஓட்டம் வைக்கும் குழுக்கள் தப்பாமல் ஐங்கோணத்தில் வந்து விழுவதுதான். பன்னிரண்டு ஒழுங்கு ஐங்கோணங்கள் சேர்ந்தால் ஒரு பன்னிருமுகப் பந்து கிடைக்கும். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு முகம். மார்கழி மேலே, ஆனி அடியில். தாளில் பார்த்தால் கண்ணீர் வரும். ஆனால் அந்தப் பந்தில் பக்கத்து முகங்கள் கூடும் கோணம் 116.57 பாகை. லேசரோ செங்குத்தாக மட்டுமே வெட்டும். சாய்த்து வெட்டச் சொன்னால் எந்தக் கடையிலும் கேட்காது. ஓரங்கள் உள்பக்கத்தில் மட்டும் முட்டி, வெளிப்பக்கத்தில் வாய் பிளக்கும். மூலைக்கு மூலை துளையிட்டு வளையம் மாட்டலாம். அப்படி மாட்டின பந்து ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். மேசையில் நிற்காது, ஆணியில் தொங்காது. வருடம் முழுக்க ஓடினவருக்குக் கடைசியில் உருளுவதற்கு ஒன்று கிடைத்தது.

உருவங்களுக்கு இலக்கணம் எழுதுவது வேடிக்கை என்று நினைப்பவர்களுக்கு ஓர் அடிக்குறிப்பு, அடியில் போடாமல் இங்கேயே. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974ல் கோலங்களுக்கு முறைப்படியான இலக்கணம் வகுத்துக் கணினியியல் இதழில் வெளியிட்டார்கள். வாசலில் போடும் கோலம் அணி இலக்கணமாகிக் கணினிக்குள் போனது. அது உண்மையான இலக்கணம். இது அதன் நிழலில் நிற்பது.

உருவியலில் இன்னும் ஒன்றுதான் கருதத்தக்கது: தொங்கல். பதக்கம் முதலில் கழுத்தில் தொங்க வேண்டும், பிறகுதான் இன்னொன்றோடு சேர வேண்டும். ஒரு பக்கம் நீட்சியும் மறுபக்கம் பள்ளமும் உள்ள துண்டை, ரிப்பன் துளையை நடுமேலே போட்டுத் தொங்கவிட்டால் தலை சாயும். புகைப்படத்தில் எல்லாப் பதக்கமும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். பரிகாரம் எளிது. அட்டையில் அதே உருவத்தை வெட்டி, ஒரு மூலையில் குண்டூசி குத்தி, நூலில் கனம் கட்டித் தொங்கவிட்டு, நூல் போன வழியே கோடு போடவும். இன்னொரு மூலையிலும் அப்படியே. இரு கோடும் வெட்டும் இடம் கனமையம். துளை அதற்கு நேர் மேலே. மென்பொருளும் இதைச் சொல்லும். அட்டை சொன்னால் கூட்டத்தில் மறுபேச்சு இருக்காது.

துளை எங்கே என்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது துண்டு அடுக்கினால் நடுத்துண்டுக்கு வெளி ஓரமே கிடையாது. அதன் துளை படத்தின் நடுவில் வந்து உட்காரும். அந்தத் துளையையே படத்தில் ஒரு பொருளாக்கிவிட வேண்டும்: கலங்கரை விளக்கின் விளக்கு, சூரியன், மீனின் கண். துளையை மறைக்க முயன்றவர் தோற்றார். வேலை கொடுத்தவர் பிழைத்தார்.

புணரியல்

இனி நூலின் நடுப்பகுதி. முன்பே வீட்டில் இருப்பது நிலைப்பதக்கம். புதிதாக வருவது வருபதக்கம். இரண்டும் சேர்வது புணர்ச்சி. அது இயல்பு, விகாரம் என இரண்டு. ஓரத்தை ஓரத்தோடு சும்மா வைத்தால் இயல்பு. எதுவும் தோன்றாது, திரியாது, கெடாது, தங்கவும் தங்காது. மின்விசிறி போட்டால் பிரியும். அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல இல்லை.

விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல்.

தோன்றல் என்பது இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று வருவது. ஆணி, முளை, பின்பலகை, காந்தம். நான்கிலும் காந்தத்துக்குத்தான் மவுசு. மூன்று மி.மீ. தடிமனுக்குள் அடங்கும் பொடிக் காந்தத்தை ஓரத்துக்கு அருகில் ஓட்டை வெட்டிப் பசை வைத்து இறக்குவார்கள். சேரும்போது ‘டக்’ என்று ஓர் ஓசை; அந்த ஓசைக்காகவே பதிவுக் கட்டணம் கட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் காந்தத்துக்கு இரு முகம். முதல் ஓட்டத்தின் அறுபதிலும் வலப்பக்கம் வடதுருவம் என்றால் இரண்டாம் ஓட்டத்தின் அறுபதிலும் இடப்பக்கம் தென்துருவம். ராத்திரி பதினொரு மணிக்கு ஒட்டும்போது ஒன்று புரண்டுவிட்டால், அந்த ஒருவருடைய பதக்கம் மட்டும் தன் இனத்தைக் கண்டு விலகி ஓடும். காந்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தண்டாக அடுக்கி, மேல்முகத்தில் மார்க்கரால் புள்ளி வைத்து, வலப்பக்கத்தில் புள்ளி தெரியும்படியும் இடப்பக்கத்தில் புள்ளி மறையும்படியும் ஒட்டவும். ஒட்டுகிறவரைப் பேச்சுக்கு இழுக்காதிருக்கவும்.

திரிதல் என்பது ஓரத்தின் உருவமே மாறுவது: ஒன்றில் நீட்சி, மற்றதில் பள்ளம். பட்டறைப் பாஷையில் மேல், ஃபீமேல். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர் உலகப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லித்தர விற்றார். அதன் வாரிசுதான் இன்றைய ஜிக்சா. நீட்சியில் தலை பெருத்து, கழுத்து சிறுத்திருந்தால் பக்கவாட்டில் இழுத்தாலும் வராது. மேலே தூக்கினால் மட்டும் வரும். இதன் நன்மையும் தீமையும் ஒன்றே. மேசையில் கிடத்தினால் ஒற்றைப் பலகையாக நிற்கும். சுவரில் மாட்டினால் முன்பக்கமாக நழுவி விழும். ஆகவே ஜிக்சா வகைக்குப் பின்னால் ஒரு சட்டம் தேவை. ஆண்டின் கடைசி ஓட்டத்தில் சட்டத்தைத் தருவதாகச் சொன்னால் கூட்டம் குறையாது என்பது அனுபவ விதி.

கழுத்து எத்தனை அகலம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 3 மி.மீ. அக்ரிலிக்கில் கழுத்து 6 மி.மீ.க்குக் குறைந்தால் நான் ஃபைலை அனுப்பமாட்டேன். உள்மூலைகள் கூர்மையாக இருக்கக்கூடாது. அக்ரிலிக் விரிசல் விட ஆரம்பிப்பது அங்கேதான். குறைந்தது 1 மி.மீ. ஆரத்தில் வளைத்துவிட வேண்டும். லேசர் வெட்டின அக்ரிலிக் ஓரத்தில் சானிடைசர் பட்டாலும் நுண்விரிசல் ஓடும். வெட்டும் சூட்டில் ஓரத்துக்குள் தங்கிய இறுக்கம் சாராயம் பட்டவுடன் தன்னைக் காட்டிக்கொள்ளும். தண்ணீரும் சோப்பும் போதும்.

திரிதலில் உயர்ந்தது இரட்டுற ஓரம். ஒரு பக்கத்தின் நடுப்புள்ளியைப் பிடித்து அரைச்சுற்றுச் சுற்றினால் தன்மேல் தானே பொருந்தும் கோடு அது: பாதியில் நீட்சி, மறுபாதியில் அதே உருவப் பள்ளம். இந்த ஓரம் கொண்ட இரண்டு துண்டுகளில் எது நிலை, எது வரு என்ற கேள்வியே இல்லை. எதையும் எதோடும் சேர்க்கலாம். அறுகோணத்தின் ஆறு பக்கத்துக்கும் இதே கோட்டைக் கொடுத்தால் ஒரே வரைபடம் எத்தனை ஆண்டுக்கும் வரும். வரைந்தவனுக்கு வேலை போய்விடும் என்பதால் இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

கெடுதலே கடினம். லேசர் கோடு போடுவதில்லை, பொருளைத் தின்கிறது. 3 மி.மீ. அக்ரிலிக்கில் அது தின்னும் அகலம் சுமார் 0.2 மி.மீ.; லென்ஸின் அழுக்கு, குவியம், வேகம் ஆகியவற்றைப் பொறுத்துக் கூடும் குறையும். நம் தச்சர்கள் அங்குலத்தை எட்டாக வகுத்து ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். 0.2 மி.மீ. என்றால் நூலில் பதினாறில் ஒன்று. தச்சருக்கு அது கணக்கிலேயே வராது. பதக்கத்துக்கு அதுதான் கணக்கு. பள்ளத்தில் ஓரத்துக்கு 0.1 கூடி, நீட்சியில் ஓரத்துக்கு 0.1 குறைந்து, பக்கத்துக்கு 0.2 தளர்ந்து நிற்கும். கையில் எடுத்து ஆட்டினால் கிலுகிலுக்கும். எனவே வரையும்போதே கோட்டை வெளிப்பக்கமாகப் பாதி அகலம் தள்ளி வைக்க வேண்டும். இது எல்லா நூலிலும் உள்ள விதி. எல்லாக் கடையிலும் மீறப்படும் விதியும் இதுவே. எப்படி என்று காட்டுகிறேன்.

பொருந்தும் இரு துண்டுகளைச் சோதனைக்காக ஒட்டி வைத்து வரைந்து கொண்டுபோகிறோம். இரண்டின் கோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்று. கடைத் தம்பி திரையைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். “சார், இங்க டபுள் லைன் விழுந்திருக்கு.” இல்லை தம்பி, அது வேணும்னுதான். “ரெண்டு தடவை போனா எட்ஜ் கருகிடும் சார். நான் ஒண்ண எடுத்துட்டேன். உங்களுக்கு நிமிஷமும் மிச்சம்.” நிமிஷக் கணக்கில் கூலி வாங்குகிறவர், நம் காசை மிச்சம் பிடிக்கிறார்; எப்படிக் கோபிப்பது? ஒரே கோட்டில் வெட்டின அந்த இரண்டு துண்டும் ஓரளவு பொருந்தவும் பொருந்தும். இடைவெளி எங்கும் ஒரே சீர். ஆனால் அது ஒரே ஷீட்டில் பக்கத்தில் பிறந்த இரட்டையர் பொருத்தம். நமக்கு வேண்டியது தை மாதத்தில் வெட்டிய அறுபதில் எது வந்தாலும் ஆடியில் வெட்டப்போகும் அறுபதில் எதோடும் சேர வேண்டும் என்பது. துண்டுகளைத் திரையில் ஒரு சாண் விலக்கி வைத்துக் கொடுத்தால் தம்பிக்கு மிச்சம் பிடிக்க எதுவும் கிடைக்காது.

குறுக்காகச் செருகும் வகையில் கெடுதலின் கொடுமை இன்னும் கூடும். இரண்டு பதக்கங்களிலும் பாதி உயரத்துக்குப் பிளவு வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றைச் செங்குத்தாக இறக்கினால் மேசையில் நிற்கும் கோப்பையாகும். பிளவின் அகலம் ஷீட்டின் தடிமன். ஷீட் 3 மி.மீ. என்று கடையில் சொல்வது மரியாதைக்கு. வார்ப்பு அக்ரிலிக்கில் ஒரே ஷீட்டின் இரு மூலைகளிலேயே தடிமன் வேறுபடும். பிழிந்தெடுத்த அக்ரிலிக்கில் தடிமன் சீராக இருக்கும். ஆனால் எழுத்துப் பொறித்தால் வார்ப்பு தரும் பனிவெள்ளை அதில் வராது. காலிப்பர் வைத்து அளந்து, 2.7 முதல் 3.3 வரை 0.1 வீதம் கூடும் பிளவுகளைச் சீப்புப் போல ஒரு கழிவுத் துண்டில் வெட்டி, எது இறுக்கமாக இறங்குகிறதோ அதையே அன்றைய அளவாகக் கொள்க. அன்றைய அளவு என்பதை அடிக்கோடிட்டுக்கொள்க.

பருவமும் புணர்ச்சியில் தலையிடும். மலிவு என்று எம்டிஎஃப் பலகையில் வெட்டினால் வெட்டின ஓரம் கரி. வேர்வையில் நனைந்த வெள்ளைப் பனியனில் பதக்கத்தின் உருவம் அச்சாகும். ஐப்பசி ஈரத்தில் அது ஊதும். மாசியில் சுகமாக இறங்கிய பிளவு ஐப்பசியில் முரண்டு பிடிக்கும். அக்ரிலிக்கோ வெயிலுக்கு நீளும். 80 மி.மீ. பதக்கம் 20 பாகை சூடேறினால் சுமார் 0.1 மி.மீ. கூடும். லேசர் தின்றதில் பாதியை வெயில் திருப்பிக் கொடுக்கிறது. இதை நம்பி யாரும் வரைய வேண்டாம்.

விலக்கப்பட்ட பொருள் ஒன்று: சன்போர்டு. வெள்ளையாக, லேசாக, மலிவாக இருக்கும். ஃப்ளெக்ஸ் கடை முழுக்க அதுதான். அது பிவிசி நுரைப்பலகை. லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும். கடைக்காரரின் நெஞ்சையும் இயந்திரத்தின் தண்டவாளத்தையும் சேர்த்து அரிக்கும். “லேசா ஒரு பீஸ் போட்டுப் பார்க்கலாமே சார்” என்பவரிடம் மறுபடி போகக்கூடாது.

எச்சவியல்

மேலே சொன்ன பாகுபாடெல்லாம் வடிவமைப்பாளனின் மேசையில் செய்தவை. ஓடுகிறவர் வந்ததும் அவை நிற்பதில்லை. வேறொரு பாகுபாடு வேண்டியிருக்கிறது.

தனித்துக் கிடைத்தாலே பொருள் முடிவது முற்றுப் பதக்கம். அடுத்தது வந்தால்தான் பொருள் முடிவது எச்சப் பதக்கம். பிற நாட்டு வழக்கிலும் இது உண்டு. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தில், ஏறத்தாழ 90 கி.மீ.யை எத்தனை மணியில் முடித்தார் என்பதற்கேற்பப் பதக்கத்துக்குப் பெயர் மாறும். ஒன்பது மணிக்குள் வந்தால் பில் ரோவன், முதல் ஓட்டத்தை வென்றவர் பெயரில். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் வந்தால் விக் கிளாப்பம், ஓட்டத்தைத் தொடங்கியவர் பெயரில். பன்னிரண்டு மணி அடித்தபின் வந்தால் ஒன்றுமில்லை. இவையெல்லாம் முற்று. ஆனால் முதன்முறை ஓடியவர் அடுத்த ஆண்டும் விடாமல் வந்து முடித்தால் அதற்கென்று இன்னொரு பதக்கம் கூடவே தருகிறார்கள்: ஒரு ஆண்டு மேட்டுப்பாதை, மறு ஆண்டு இறக்கப்பாதை, இரண்டையும் கண்டதற்கு அடையாளம். பதக்கங்கள் சேரவில்லை, சேர்ந்ததற்கே ஒரு பதக்கம். இதற்கு இணையான இலக்கண நுட்பம் எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை.

முற்று எச்சமாகத் திரிவதும் உண்டு. டோக்கியோ, பாஸ்டன், லண்டன், பெர்லின், சிகாகோ, நியூயார்க் என்ற ஆறு மாரத்தான்களையும் முடித்தவருக்கு ஆறு நட்சத்திரப் பதக்கம் தருவது வழக்கம். ஊர் ஊராக விசாவும் விடுப்பும் வாங்கி முடித்து நிமிர்ந்தவர்கள், 2025ல் சிட்னி ஏழாவதாகச் சேர்ந்தபோது மறுபடி அட்லஸைப் பிரித்தார்கள்.

மூன்றாவது வகைதான் இந்நூலின் உயிர்: தொகைப் பதக்கம். வேற்றுமைத் தொகையில் உருபு மறைந்து நிற்கும். ஆனால் பொருள் விளங்கும். அதுபோல வரிசையில் ஒன்று இல்லாமல் நிற்பது. நான்கு ஓட்டத்துக்கும் வருபவர் எந்தக் குழுவிலும் பாதிக்கும் குறைவு. மற்றவர்களை ஆராய்ந்தால் முகூர்த்தத்தால் வராதார், பிள்ளையின் பரீட்சையால் வராதார், டெங்குவால் வராதார், மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போனதால் வராதார், அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்ததால் வராதார் எனப் பலவாறு பிரிவர். கடைசி வகையினர் தங்களை முதல் நான்கில் ஒன்றில் சேர்த்துச் சொல்வர்.

எங்கள் குழுவின் நான்கு ஓட்டத்துக்குக் கடற்கரையை நான்கு துண்டாக வரைந்தோம். வடக்கே 1869ல் கட்டிய நேப்பியர் பாலம். அடுத்து மெரினா கலங்கரை விளக்கம். அடுத்து சாந்தோம் கோபுரம். கடைசியில் எலியட்ஸ் கடற்கரையின் ஷ்மிட் நினைவு மண்டபம். மூன்றாம் துண்டும் நான்காம் துண்டும் கூடும் கோடு அடையாறு முகத்துவாரத்தின் உடைந்த பாலத்தின் மேல் போகும்படி வைத்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எவ்வளவு தளர்வாக வெட்டினாலும் அந்த இடத்தில் இடைவெளி குறையாகத் தெரியாது. பாலமே 1977 முதல் அப்படித்தான் நிற்கிறது.

கேள்வி, நான்கையும் எப்படி அடுக்குவது என்பது. கடற்கரை நீளவாக்கில் கிடப்பதால் நீளவாக்கில் சங்கிலியாக அடுக்கு என்றார்கள் எல்லாரும். சங்கிலியில் நடுத்துண்டு இல்லாவிட்டால் இரண்டாக அறும். நடுவில் ஒன்று வைத்துச் சுற்றிலும் இதழ் ஒட்டும் பூவடுக்கில், இதழ் போனால் பாதகமில்லை. நடு போனால் அத்தனையும் உதிரும். முதலோட்டம் நடுவாக இருந்து, முதலோட்டத்துக்கு வராமல் மற்ற எல்லாவற்றுக்கும் வந்தவர் கையில் சம்பந்தமில்லாத மூன்று துண்டு இருக்கும். டுரின்காரர்களின் ஓட்டையைப் பெரிதாக்கிய வளைய அடுக்கு மூன்றாம் கட்சி: 5 கி.மீ.க்கு நடுவட்டம், 10க்கு அதைச் சூழ்ந்த வளையம், 21க்கு அதற்கும் வெளியே. ஒரே ஷீட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக வெட்டுவதால் கழிவு குறைவு, கடைக்காரருக்குப் பிரியம். ஆனால் நடுவளையம் இல்லையென்றால் உள்வட்டம் தளையின்றிக் கிலுகிலுக்கும். இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் மட்டுமே எந்த ஒன்றை எடுத்தாலும் மீதி மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றும் இரண்டு பக்கத்தாரைத் தொடுவதால் ஒருவர் வராவிட்டாலும் மற்றவர் பிடிப்பு விடாது. பதக்க வரிசையை, எல்லாவற்றையும் முடித்தவரின் சுவரில் வைத்துப் பார்த்து வரைகிறோம். பார்க்க வேண்டியது ஒன்றைத் தவறவிட்டவரின் சுவரில். ஆகவே கடற்கரையைக் கட்டத்துக்குள் மடக்கினோம். இரண்டாம் துண்டில் தெற்கே போன கரை வளைந்து மூன்றாம் துண்டுக்குள் திரும்புகிறது. புவியியல் ஆசிரியர் ஒருவர் வருத்தப்பட்டார், அவரும் ஓடவில்லை.

மூன்றாவது ஓட்டத்துக்கு வர முடியாத ஒரு தங்கை கேட்டார்: “அண்ணா, சாந்தோம் பீஸ் மட்டும் தனியா விலைக்குக் கிடைக்குமா?” கிடைக்காது. காசுக்குக் கிடைக்குமானால் நேப்பியர் பாலத்துக்கும் மதிப்பு போய்விடும். “அப்ப அந்த இடம் ஓட்டையாவே இருக்கணுமா?” இதற்குத்தான் தொகைநிரப்பியை வகுத்தோம். மூன்றாம் துண்டின் வெளிக்கோடு மட்டும் உள்ள வெற்றுச் சட்டம். அகலம் 5 மி.மீ.; நடுவில் ஒன்றுமில்லை, எழுத்தில்லை, ஆண்டில்லை, ரிப்பன் துளையில்லை. நீட்சியும் பள்ளமும் அப்படியே இருப்பதால் அக்கம்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். கேட்டால் மட்டும் கொடுப்பது என்று தீர்மானம். சிலர் நன்றி சொல்லி வாங்கினார்கள். ஒருவர், “ஓட்டையே இருக்கட்டும், அடுத்த வருஷம் அதைப் பார்த்தாவது எந்திரிப்பேன்” என்று மறுத்துவிட்டார். அடுத்த வருஷத் துண்டு அந்த ஓட்டைக்குப் பொருந்தாது என்பதை அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. அந்தத் தங்கை வெற்றுச் சட்டத்துக்குப் பின்னால் மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் நகலை வைத்திருக்கிறார். நூலோர் இதற்குப் பெயரிடவில்லை.

புறனடை

சொல்லாமல் விட்டவற்றைச் சொன்னவற்றோடு பொருத்திக்கொள்க என்பது புறனடையின் வேலை. விட்டவை சில. கணவனும் மனைவியும் ஆளுக்கு இரண்டு ஓட்டம் ஓடி, ஒரே சுவரில் நான்கையும் கோத்தால் அது முழுமையா? முழுமைதான், ஆனால் குழுவின் மேடையில் ஒருவர்தான் ஏறலாம், யார் என்பதை அவர்கள் வீட்டில் தீர்த்துக்கொண்டு வரட்டும். ஒரே ஓட்டத்தில் இரண்டு பதக்கம் வாங்கியவருக்கு, இரண்டும் ஒன்றோடொன்று சேராது என்பதே தண்டனை. இரட்டுற ஓரம் உள்ள வரிசையில் சேர்ந்துவிடும். அதனால்தான் அந்த ஓரத்தை எங்கள் குழு எடுக்கவில்லை. ஓடாமல் வந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் பதக்கமும் கேட்பவர் பற்றித் தனி இயல் எழுத நினைத்தேன். பொங்கல் இருந்தது, பதக்கம் இல்லை என்பதோடு அது முடிந்துவிட்டது.

துண்டுகளைப் பெயர்த்தெடுத்தபின் மிஞ்சும் ஓட்டை ஷீட், கடைக்காரருக்குச் சொந்தமா வேலை கொடுத்தவருக்குச் சொந்தமா என்பது வழக்கு. ஷீட்டை நாம் வாங்கிக் கொடுத்தால் நமக்கு. அவர் போட்டால் அவருக்கு. எங்கள் ஓட்டை ஷீட் ஒன்றைக் கடைத் தம்பி ஜன்னல் கம்பிக்கு முன்னால் மாட்டியிருக்கிறார். “பார்ட்டி கேக்கறாங்க சார், இந்த டிசைன் ரெடிமேடா இருக்கான்னு.”

ரிப்பன் 20 மி.மீ. அகலம் என்றால் துளை 22 மி.மீ. நீளம், 3 மி.மீ. உயரம், துளைக்கு மேலே குறைந்தது 4 மி.மீ. பொருள் நிற்க வேண்டும். இதை உருவியலில் சொல்லியிருக்க வேண்டும். அங்கே ஐங்கோணம் இடத்தை அடைத்துக்கொண்டது.